பெயர் வரும் இடம்

பக்கவாதம் இன்னாசிமுத்துவின் பேச்சைப் பிடுங்கிக்கொண்டதும் கிருஷ்ணகிரி டாக்டர் அவர் மனைவி லூர்தம்மாளிடம் சொன்னார்: "பேச்சு இருக்குற எடது மூளையிலதாம்மா அடி. பாட்டுக்கு வலது பக்கம். பாட வச்சுப் பாருங்க."

கணவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாரா என்று ஏங்கியவள், சொந்த ஊரான தளிக்குத் திரும்பியதுமே பாடச் சொன்னாள். மாதா கோயிலில் ஜெபமும் பாட்டும் நடத்தும் உபதேசியாரான அவர் நாக்கில் ஊறியிருந்தது சவ ஊர்வலப் பாட்டுதான். நடுவில் செத்தவர் பெயரைச் சேர்த்துப் பாட வேண்டும். கணீரென்று பாடினார். பெயர் வரும் இடத்தில் 'தொம்மை' என்றார். தொம்மை அப்போது எதிர்த் தோட்டத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தான். பொழுது சாய்வதற்குள் அவனைப் பிணமாகத் தூக்கி வந்தார்கள். மறுவாரம் 'சவேரியம்மா' என்றார். அன்றே துக்கமணி அடித்தது.

"பாடாதீங்க, உங்களக் கும்புடறேன்" என்று லூர்தம்மாள் அவர் வாயைப் பொத்தினாள். அவராலும் நிறுத்த முடியவில்லை.

இன்று கேழ்வரகுக் கஞ்சி ஊட்டும்போது பாட்டு தொடங்கியது. பல்லைக் கடித்துப் பார்த்தார். அவளையே பார்த்த கண்களில் நீர் வழிந்தது. பெயர் வரும் இடமும் வந்தது.

"லூர்து…"

கல்யாணமான புதிதில் கூப்பிட்ட அதே குழைவு.

"என்னங்க" என்றாள் அவள், தன்னை அறியாமல்.