ஆள் இருக்கும் நாற்காலி

கிராகோவ் நகரில் ஓர் ஏஜென்சி மூலம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த அடிப்படையில் மென்பொருள் எழுதும் யாகோடாவுக்கு அந்த மாதத்தோடு வேலை முடிகிறது. நீட்டித்துத் தருவதாக மேலாளர் வாயால் சொன்னாரே தவிர, எழுத்தில் ஒன்றும் வரவில்லை. சும்மா நிற்கும்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில், மதிய இடைவேளையில் வேறோர் ஏஜென்சிக்காரரான வித்தோல்டுடன் புது வேலைக்காகத் தொலைபேசியில் பேரம் பேசினாள்.

"கம்பெனி பேரைச் சொல்லுங்களேன்."

"கையெழுத்துக்கு அப்புறம்தான். நீங்க மட்டும் இப்ப எங்க வேலைன்னு சொன்னீங்களா?"

"சரி விடுங்க. அந்த இடத்துல இப்ப ஆள் இருக்கா?"

"இருக்காங்க. அவங்களை வேலையை விட்டு அனுப்பப்போறாங்க. பாவம், அவங்களுக்கே இன்னும் தெரியாது."

"அவங்களைவிடக் குறைச்சலுக்கு நான் வரேன். ஆனா, அவங்க வேற ஏஜென்சி மூலமா திரும்பி வந்து என் வயித்துல அடிச்சிடக் கூடாது."

வித்தோல்ட் சிரித்தார். "எப்படி வருவாங்க? வேலை முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு வேற ஏஜென்சி மூலமா அதே கம்பெனிக்குள்ள நுழைய மாட்டேன்னு எல்லாரும் தங்க ஏஜென்சிக்கு எழுதிக் குடுக்கறதுதானே? நீங்களும் குடுத்திருப்பீங்க."

"அப்ப நல்லதாப் போச்சு!" யாகோடா புது ஒப்பந்தத்தில் கைபேசியிலேயே கையெழுத்திட்டு அனுப்பினாள்.

பதிலாகக் கம்பெனியின் பெயர் வந்தது. படித்தவள், தன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அதே பெயர்.

கண்ணாடிக் கதவைத் திறந்து மேலாளர் தலையை நீட்டினார்.

"யாகோடா, ஒரு நிமிஷம் உள்ள வாங்களேன்."