முதல் மூச்சு

லோஷினி கருவியை மேசைமேல் ஓங்கி வைத்தாள். அப்பா ஊதியதும் இன்றும் எண் ஏறிவிட்டது.

"உன் மெஷினுக்குத்தான்மா போதை ஏறிருச்சி," என்றார் அய்யாவு, வாயிலிருந்த கிராம்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. மாலை நடை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்.

மலேசியாவின் உலு திராம் ஊரில் கோயில் தலைவர் அவர். தோட்டத்துக் கள்ளுக்கடை தன் அண்ணன்களைத் தின்றதைப் பார்த்து வளர்ந்தவர். கல்யாண வீட்டில் ஒரு பாட்டில் கண்ணில் பட்டால் பந்தியிலிருந்து எழுந்துவிடுவார்.

அந்த வீட்டில் எதுவும் அவர் கையால்தான் தொடங்கும். மகள் செய்த கருவிக்கும் முதல் மூச்சு அவருடையதே.

உள்ளே கண்ணுக்குத் தெரியாத பிளாட்டினத் துகள்கள். மூச்சில் மது இருந்தால் அதை ஆக்சிஜனேற்றம் செய்யும். அதில் பிறக்கும் மின்சாரம் திரையில் எண்ணாகும். மது இல்லையென்றால் பூஜ்யம்.

ஆய்வகத்தில் வெறுங்காற்றுக்குப் பூஜ்யம் காட்டியது. அப்பா ஊதினால் புரண்டு பேசியது. மூச்சின் ஈரத்தில் துகள்கள் ஒட்டித் திரள்கின்றன என்று நினைத்தாள். புதிதாகச் செய்தாள், கொட்டினாள், மறுபடியும் செய்தாள். பேராசிரியர் முகத்தில் விழிக்கவே கூசியது.

நாளை மாலை செனாயில் லாரி கம்பெனிக்காரர்கள் முன்னால் சோதனை. அதில் தோற்றால் அவளுடைய ஆராய்ச்சி அத்தோடு சரி.

"அங்கயும் நான்தான் மொதல்ல ஊதுவேன்," என்று வெள்ளை வேட்டியைத் தேய்த்து வைத்திருந்தார் அப்பா.

அவர் குளிக்கப் போனார். கிராம்பு டப்பா மேசையில் கிடந்தது.

ஒருவேளை இதுதானோ? அவளுக்கு உயிர் வந்தது. நாலைந்தை எடுத்து நாக்கு மரத்துப்போகும்வரை மென்றாள். ஊதினாள்.

பூஜ்யம்.

அம்மாவைக் கூப்பிட்டாள். கிராம்பு கொடுத்து ஊதச் சொன்னாள்.

பூஜ்யம்.

செல்வராணி திரையைப் பார்க்கவில்லை. கணவர் கழற்றிப்போட்ட சட்டையை எடுத்து, மற்ற துணிகளோடு சேர்க்காமல், எப்போதும்போலத் தனி வாளியில் சோப்புத் தண்ணீருக்குள் அமுக்கினாள்.

அய்யாவு திருநீறு பூசிக்கொண்டு வந்தார். "என்னம்மா, சரியாச்சா?"

"சரியாச்சிப்பா. நாளைக்கு அம்மா மொதல்ல ஊதட்டும்."

ஏன், எதற்கு என்று கேட்டு ஆளைத் துளைத்தெடுப்பவர் அவர்.

கிராம்பு டப்பாவை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, சாமி அறைக்குள் போய்விட்டார்.