மூன்றாம் பக்கம்

தீப்பெட்டி அளவே இருந்த அந்தச் சோதனைக் கருவியின் பெயர் உளி. அலுவலகங்களின் நெட்வொர்க்குக்குள் புகுந்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று அறிக்கை எழுதுவது அதன் வேலை. போன மாதம் தன் அறிக்கையால் மானத்தை வாங்கிய அலுவலகத்துக்கே இன்று மறுபடி வந்திருந்தது. இணைப்புதான் கிடைக்கவில்லை. உள்ளே போகாவிட்டால் இனி டிராயரில் கிடக்க வேண்டியதுதான்.

முதலில் கேபிளைத் திட்டியது.

"என் மேல ஏன் பாயறே? நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றது கேபிள்.

உளி மூன்று தடவை அணைந்து எரிந்து பார்த்தது. பலனில்லை. கடைசியில் ரவுட்டரிடமே போனது.

"அண்ணே, கோளாறு உங்க பக்கம்தான் போல."

"கோளாறெல்லாம் இல்லப்பா. பட்டியல்ல உன் பேர் இல்லை, அதான் விடலை."

"என்னைத் தெரியாதா? போன மாசம்கூட வந்தேனே."

"தெரிஞ்சவன்னு உள்ளே விடறதுதான் பெரிய ஓட்டைன்னு உன் அறிக்கையில மூணாம் பக்கத்துல எழுதினது நீதானே?"

உளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறது. இப்படி ஒரு அநியாயம் எங்கும் நடந்ததில்லை.

"அதையெல்லாம் போய் யாராவது படிப்பாங்களா அண்ணே?" என்றது பரிதாபமாக.