அண்ணை வாறான்

"துடுப்பாலை வலிக்கிறாயோ, தண்ணியைத் தடவிக் குடுக்கிறாயோ?"

அடைக்கலநாதன் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, மகளின் கயாக் படகை முன்பக்கமாகப் பிடித்து நிறுத்தினார். ஜெனிற்றா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

தொண்டைமானாறு நீரேரியில் அன்று தெரிவுப் போட்டி. பதினொரு வருஷம் பெயர்ப்பலகைகூட இல்லாமல் தூங்கிக் கிடந்த தேசியத் துடுப்புப் படகுச் சங்கம் திடீரென்று முழித்துக்கொண்டு, மாகாணத்துக்கு ஒருவரைத் தேடிக் கிளம்பியிருந்தது. தெரிவாகிறவர் இரண்டு வருஷம் கொழும்பில் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். ஐந்நூறு மீற்றர், ஆளுக்கு இரண்டு முறை. எது நல்ல நேரமோ அதுதான் கணக்கு. முதல் முறை ஜெனிற்றா ஒன்பது பேரில் எட்டாவதாக வந்திருந்தாள்.

"கை நோகுதப்பா."

"உந்தக் கதையை வேறை ஆருக்கும் சொல்லு. குருநகர்க் கடலிலை நாப்பது வருசம் தண்டு வலிச்சனான். கை நோகிற ஆளையும் தெரியும், வேணுமெண்டு விடுற ஆளையும் தெரியும்."

ஜெனிற்றாவுக்குக் கோபம் வந்தது.

"ஓம், வேணுமெண்டுதான் விட்டனான். நான் போனால் உங்களுக்கெண்டு ஆர் இருக்கினம்? விடிய மீன்பிடிச்சுக் கடலாலை வந்தால் ஒரு தேத்தண்ணி ஊத்தித்தர ஆளில்லை. அம்மாவும் இல்லை. நான் போகேல்லை."

அடைக்கலநாதனுக்குத் தனிமை என்றால் பயம்தான். மனைவி இறந்த பிறகு வீட்டில் அவரோடு கதைக்க இருப்பது இவள் ஒருத்திதான். ஆனால் தன் தேத்தண்ணிக்காக இந்தப் பிள்ளை கரையிலேயே கிடந்துவிடுமோ என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

"நான் தனிய இருக்கப்போறனெண்டு ஆர் சொன்னது? நேற்று உன்ரை அண்ணை பிரான்ஸிலையிருந்து கோல் எடுத்தவன். அங்கை அலுத்துப்போச்சாம். டிக்கெட்டும் போட்டிட்டான். வாற மாசம் வந்து இஞ்சை என்னோடையே நிக்கப்போறானாம்."

ஜெனிற்றா நிமிர்ந்து தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

"மெய்யோ?"

"அந்தோனியாராணை."

அவள் துடுப்பைக் கையில் எடுத்தாள். கரையிலிருந்து சங்கச் செயலாளர் பிரதீபா அவள் பெயரைக் கூப்பிட்டார்.

"அப்ப படகை விடுங்கோ" என்றாள்.

இரண்டாம் முறை வந்தது வேறு ஜெனிற்றா. பாதித் தூரத்திலேயே பிரதீபா கையிலிருந்த கடதாசிகளைக் கீழே வைத்துவிட்டார். எல்லோரையும்விட ஆறு செக்கன் குறைவு.

"இதை முதலே செய்திருக்கலாமே, தங்கச்சி!"

அடைக்கலநாதன் சிரித்தார். பிறகு தண்ணீர் தெறித்ததுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, முதல் பூசை முடிந்த கையோடு மகளைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு அறை வீடு ஒரேயடியாகப் பெரிதாகிப் போயிருந்தது. றேடியோவைப் போட்டார். அது தன்பாட்டில் கதைத்தது. ஜெனிற்றா தேயிலை போட்டுவைக்கிற பேணி எங்கே இருக்கிறதென்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது.

போன் அடித்தது.

"அப்பா, கிளிநொச்சி தாண்டியிட்டம். என்ன செய்யிறியள்?"

"அண்ணையின்ரை அறையைக் கூட்டிக்கொண்டு நிக்கிறன். அவன் வரமுதல் சுவருக்கு வெள்ளையும் அடிக்கோணும்." கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார்.

மறுமுனையில் ஜெனிற்றா பஸ் யன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வெள்ளை அடிக்க வேண்டாமப்பா. தான் இனி வரமாட்டன், அப்பாட்டைச் சொல்லிப்போடாதை எண்டு அண்ணை போன மாசமே எனக்குச் சொன்னவன். நீங்கள் எனக்காகப் பொய் சொல்லுறியள் எண்டு தெரிஞ்சுதான் நான் வலிச்சனான்."

அடைக்கலநாதன் எழும்பிப் போய் றேடியோவை நிற்பாட்டினார். போன மாதம் மகன் எமில்ராஜ் அவரிடமும் அதையேதான் சொல்லியிருந்தான், தங்கச்சிக்குத் தெரிய வேண்டாமென்று.