குப்பைக்குப் போன கனம்

ரிமோட்டில் பாறை ஏறும் குட்டி ஜீப்பைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்த கேஷியர் உச்சுக்கொட்டினார்.

"இன்னும் கனமா இருக்கு. ஞாயித்துக்கிழமை போட்டியில இது எப்படி ஏறப் போகுதோ!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "சக்கரத்துக்குள்ள பித்தளை வளையம் போட்டிருக்கே, அதுவும் கனம்தானேங்க?"

"அட, உனக்குக்கூட இதெல்லாம் புரியுதே!"

நாலு வளையங்களையும் கழட்டி மேஜையில் வீசினார்.

"இது வேணுமாங்க?"

"குப்பையில போடு."

முன்பு கழட்டிய இரும்புச் சட்டம், பம்பர், பெரிய மோட்டார் எல்லாவற்றையும் அவள்தான் முகம் சுளிக்காமல் அள்ளிக்கொண்டு போனாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனைவி அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கேஷியர் பூரித்துப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை, அவருடைய இறகு ஜீப் முதல் பாறையிலேயே பிடி கிடைக்காமல் கரப்பான்பூச்சிபோல் மல்லாந்து, சக்கரங்களை வெட்டியாகச் சுற்றியது. பக்கத்தில் ஓர் ஒட்டுப்போட்ட ஜீப் பாறையை அழுத்திப் பிடித்து, அலட்டிக்கொள்ளாமல் உச்சிக்கே ஏறிவிட்டது. ஒரே கைதட்டல்.

அந்த பம்பரை எங்கேயோ பார்த்திருக்கிறாரே! அந்தப் பித்தளை வளையத்தையும்...

திடுக்கிட்டுத் திரும்பினார். ரிமோட்டும் கையுமாக நின்றிருந்தாள் மனைவி.

"சக்கரத்துல கனம் இருந்தாத்தாங்க பாறையைப் பிடிக்கும்."

அவள் குனிந்து, மல்லாந்து கிடந்த ஜீப்பை அக்கறையோடு நிமிர்த்தி வைத்தாள்.

"அடுத்த போட்டிக்கு இந்த பேட்டரியையும் கழட்டிடுங்களேன். ரொம்பக் கனமா இருக்கு!"