காலி அட்டைகள்

"இந்த மாசமாவது மாத்திரை போட்டீங்களா, இல்ல சும்மா வாங்கி வச்சீங்களா?"

சுஹரா சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள். சனிக்கிழமை காலை எட்டரை மணி. கோழிக்கோட்டின் அந்தச் சின்ன அரசு கிளினிக்கில், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் ஐம்பது பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். முந்தின மூன்று நாளும் கொசுக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்கியதில் சிஸ்டரின் கால் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுகூட மிச்சம் வைக்கலை சிஸ்டரே." வத்ஸலா பையிலிருந்து இரண்டு காலி அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தாள். "போன தடவை நீங்க கொண்டுவரச் சொன்னீங்களே."

பதினாலும் பதினாலும் இருபத்தெட்டு. நான்கு வாரத்துக்குக் கணக்கு கச்சிதம்.

"உட்காருங்க. கையை நீட்டுங்க."

வத்ஸலா உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்திலேயே கண் செருகியது. நாற்பத்தாறு வயது. ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவு. ஒன்பதரைக்கு ஏறி நின்றால் இரவு கடை மூடும்வரை நின்றபடிதான்.

"உங்களுக்கெல்லாம் உட்கார நாற்காலி போடணும்னு சட்டம் வந்துச்சே சேச்சி?" கையில் பட்டையைச் சுற்றியபடி சுஹரா கேட்டாள்.

"போட்டாங்களே. அதுல கல்யாணப் புடவை கட்டி ஒரு பொம்மையை உட்கார வச்சிருக்காங்க. அவளுக்கு என்ன, ராஜாத்தி!"

சுஹரா சிரித்தாள். கருவியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நூத்தி எண்பது, நூத்தி நாலு! சேச்சி, மூணு மாசமா இதே கதை. உப்பு குறைச்சீங்களா?"

"கஞ்சிக்கே உப்பு போடறதில்ல. சோறு தொண்டையில இறங்க மாட்டேங்குது."

"கருவாடு?"

"வீட்டுக்குள்ளயே விடறதில்ல."

"கடற்கரையில உப்பிலிட்ட நெல்லிக்கா?"

"மக வாங்கிட்டு வருவா. நான் அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டேன். சத்தியமா!"

பொய் சொல்கிற முகமாக இல்லை. சுஹராவுக்குப் பாவமாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எல்லாம் சரியாகச் செய்கிற நோயாளிக்குப் பிரஷர் இறங்கவில்லை என்றால் யாரைத் திட்டுவது?

"தலை சுத்தல் உண்டா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும். எழுந்திரிச்சா கண்ணை இருட்டிக்கிட்டு வரும். போன வாரம் அடுப்படியிலேயே சரிஞ்சுட்டேன். அன்னைக்குப் பூரா மகதான் சமையல்."

"ஆறு நாள் நின்ன அலுப்பு, வேறென்ன. லீவு கிடைச்சதும் உடம்பு விட்டுக்கொடுத்துடுது." சுஹரா சீட்டில் எழுதியபடி சொன்னாள்.

"சிஸ்டரே, இது இறங்காதா?" வத்ஸலாவின் குரல் இறங்கியது. "எங்க அக்காவுக்கும் இப்படித்தான் இருந்தது. ஒருநாள் காலைல ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோச்சு. இப்ப ரெண்டு வருஷமா படுக்கைதான். பார்த்துக்க அவளுக்குப் புருஷன் இருக்கான். நான் விழுந்தா எம்மக படிப்பை விட்டுட்டு அந்தப் பொம்மைக்குப் பக்கத்துல போய் நிக்கணும்."

சுஹரா சீட்டை எடுத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டரிடம் போனாள். ஜிதின் டாக்டருக்கும் அன்று முகத்தில் தூக்கம்தான் மிச்சமிருந்தது.

"மாத்திரை ஒழுங்கா போடறாங்களா?"

"கணக்கு சரியா இருக்கு சார். அட்டை ரெண்டும் காலி. நானே எண்ணினேன்."

"அப்ப இந்த அளவு போதலை. கூட்டிடலாம். அடுத்த மாசமும் இறங்கலேன்னா மெடிக்கல் காலேஜுக்கு எழுதித் தரேன்."

சுஹரா திரும்பி வந்து நான்கு அட்டைகளை எண்ணி வத்ஸலாவின் கையில் வைத்தாள்.

"இன்னையிலேர்ந்து ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு. காலைல சாப்பிட்டதும் ரெண்டையும் சேர்த்துப் போட்டுக்கணும். தலைவலி இல்லையே, நல்லாத்தானே இருக்கேன்னு பாதியில நிறுத்திடக் கூடாது. வேற யாருக்காவது பிரஷர்னு சொன்னா எடுத்துக் கொடுத்துடவும் கூடாது. சரியா?"

"சரி."

"அடுத்து, டோக்கன் பன்னிரண்டு!"

வத்ஸலா எழுந்தாள். ஆனால் நகரவில்லை. அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலை மடக்கி என்னவோ கணக்குப் போட்டாள். பன்னிரண்டாம் டோக்கன்காரர் அவள் முதுகுக்குப் பின்னால் தொண்டையைச் செருமினார்.

"என்ன சேச்சி, இன்னும்? கடைக்கு நேரமாகலையா?"

"ஆச்சு. ஒரே ஒரு சந்தேகம் சிஸ்டரே." குரலைத் தாழ்த்திக்கொண்டு மேஜைமேல் குனிந்தாள். "ரெண்டுன்னா வயிறு தாங்குமா?"

"ரெண்டே ரெண்டு குட்டி மாத்திரை. இதைத் தாங்காத வயிறு எங்க இருக்கு?"

"அதில்ல சிஸ்டரே. இதைப் போட்டா அரை மணிக்கொரு தரம் ஒதுங்கணும். நாலு மாடி கட்டின கடையில எங்களுக்குன்னு ஒரு கக்கூஸ் கிடையாது. அதான் ஒண்ணும் வீணாகக் கூடாதுன்னு, ஒரு வாரத்துக்கு உண்டான ஏழையும் ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுல இருக்கும்போது ஒரேயடியா முழுங்கிடுவேன்," என்றாள் வத்ஸலா. "இனிமே பதினாலா?"