ரமாபாய்க்கு வந்த பதில்

டோல்கேட் சிக்னலை ஒட்டிய செல்போன் கடையில், சாயங்கால வெயில் கண்ணாடிப் பெட்டிமேல் சாய்ந்து கிடக்கிறது. ரமாபாய் நின்றபடியே கட்டைவிரலால் போன் பொத்தான்களை அழுத்துகிறாள். அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. எண்ணூரில் வெல்டிங் வேலை பார்க்கும் அவள் புருஷன் பீம்ராவுக்கும் அப்படித்தான். இதுவரை அவன் வர நேரமானால், ஓவர்டைமா, அடிபட்டுக் கிடக்கிறானா என்று தெரியாமல் பஸ் ஸ்டாப்பிலேயே நிற்பாள். கடைக்காரி தங்கபுஷ்பம்தான் இருவருக்கும் மெசேஜ் அனுப்பச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வார்த்தைகள். 'எப்போ வருவ' என்று அடித்துவிட்டு ரமாபாய் நிமிர்கிறாள். தங்கபுஷ்பம் உதட்டை நன்றாக அசைத்து, "அனுப்பு ரமா, ஒண்ணும் ஆகாது" என்கிறாள். திரையில் சின்ன உறை ஒன்று பறந்து மறைகிறது. வெளியே கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்து நகர்கின்றன. ரமாபாய் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன் அதிர்கிறது. அந்த அதிர்வு மணிக்கட்டு வரை ஏறுகிறது. படிக்கப் படிக்க முகம் முழுக்கச் சிரிப்பு பரவுகிறது. ரீசார்ஜுக்கு வந்த பக்கத்து வீட்டு கெங்கம்மா எட்டிப் பார்க்கிறாள். "இன்னாம்மே எய்திகீறாரு உன் வூட்டுக்காரரு?" ரமாபாய் சட்டென்று போனை மார்போடு கவிழ்த்துக்கொள்கிறாள். அவளும் பீம்ராவும் வீட்டில் விரலால் பேசிக்கொள்ளும் கொஞ்சலும் சண்டையும் வாசலில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும். தெருவுக்கே அந்தச் சைகைகள் அத்துப்படி. இந்தப் பதிலை மட்டும் வேறு யாரும் பார்க்க முடியாது. கெங்கம்மா விடவில்லை. "நீயாச்சும் சொல்லேன் புஷ்பம்." "எனக்கும் தெரியாதுக்கா. அது அவங்க ரெண்டு பேருக்குள்ள." ரமாபாய் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, தோளால் திரையை மறைத்துக்கொண்டு, பதில் அடிக்கத் தொடங்குகிறாள்.